கற்பிட்டிக் கரையில் குலவழி தேடல்

“உங்கள் பூட்டனார் யார்? அவர் எங்கே பிறந்தார்?” என்று ஒருவர் வினவினால், நம்மில் எத்தனை பேர் தயங்காது விடை பகர்வோம்? தந்தையின் பெயரை அறிவோம். பாட்டனாரின் பெயரையும் அறிவோம். அதற்கப்பால் நினைவு மங்கிவிடுகின்றது. புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே, கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையுள்ள ஊர்களில் வாழும் ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேட விரும்பினால் எவ்வழியிற் செல்லலாம், அவ்வழியில் எவை துணையாகும், எவை தடையாகும் என்பதை இன்று நோக்குவோம்.

இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வாழும் மீனவனுக்கு இத்தேடல் ஓரளவு எளியது. எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியில், 1538ஆம் ஆண்டிலே, ஒவ்வொரு கோயிற்பற்றும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டிற் பதிதல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. 1837 முதல் அரசாங்கப் பதிவும் அங்கே தொடங்கிற்று. குடும்பப்பெயரும் தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாது செல்கின்றது. நம் வழக்கோ வேறு. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கும். பேரனுக்கு அதுவும் இல்லை. இரண்டு தலைமுறைக்குள் பெயர் என்னும் நூல் அறுந்துவிடுகின்றது.

பெயர் அறாது நிற்குமிடத்தும் அது நம்மை ஏமாற்றக்கூடும். இக்கரையிலுள்ள கத்தோலிக்கரிடையே பெர்னாண்டோ, சில்வா முதலிய பெயர்கள் பெருவழக்காக உள்ளன. இவற்றுட் பல, போர்த்துக்கேயர் காலத்தில் மதம் மாறியோர் ஞானஸ்நானத்தின்போது ஏற்றுக்கொண்டவை. அப்பெயரைக் கண்டு லிஸ்பன் நகரிலே மூதாதையரைத் தேடப் புறப்படுவது வீண் முயற்சியாகவே முடியும். பெயர் வேறு, குருதி வேறு.

இனி, ஏடுகளை நோக்குவோம். ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1667க்கும் 1676க்கும் இடையில் இன்று நாம் காணும் கோட்டையைக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளிலே தோம்புகள் எழுதுவித்தனர். நிலத்தோம்பு காணியையும் அதன் கடமையையும் கூறும். தலைத்தோம்பு குடும்பத்தாரின் பெயர்களைக் கூறும். பாடசாலைத் தோம்பு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் கூறும். எஞ்சியவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பேணப்படுகின்றன. எல்லாப் பகுதிகளுக்கும் அவை முழுமையாகக் கிடைத்தில.

தோம்பைப் படிப்போர் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. நம் பேரப்பிள்ளைகள் அறியட்டும் என்று எவரும் அதனை எழுதவில்லை. வரியும் ஊழியமும் பெறுவதற்கே அது எழுதப்பட்டது. பதவி பெறவும், திருமணத்தைச் சட்டப்படி நிலைநாட்டவும் ஒல்லாந்தர் சபையின் ஞானஸ்நானம் வேண்டப்பட்டமையால், உள்ளத்தாற் சைவராகவும் கத்தோலிக்கராகவும் இருந்த பலர் ஏட்டிலே வேறு சமயத்தவராக நிற்கின்றனர். ஆகவே, ஏடு சொல்வதோடு, அது எவர் கையால், எதற்காக எழுதப்பட்டது என்பதையும் உடன்வைத்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்லும் அவ்வாறே. கற்பிட்டியிலுள்ள பழைய ஒல்லாந்த ஆலயத்திற் கல்லறைக் கற்கள் உள்ளன. எழுத்துப் பொறித்த கல்லை நாட்டுவித்தற்குச் செல்வமும் செல்வாக்கும் வேண்டும். தோணி வலித்தவனுக்கும் உப்பு வாரியவனுக்கும் எவர் கல் நாட்டினார்? முஸ்லிம்களின் அடக்கத்தலங்களிலே மீஸான் கற்கள் நிற்கின்றன. எழுத்தில்லாத கல்லாயின், அருகிருந்த முதியவர் மறைந்தவுடன் அக்கல்லும் ஊமையாகிவிடும்.

ஏடும் கல்லும் இல்லாதார்க்கு முன்னோர் இல்லையோ? புத்தளத்தை அடுத்த சிறாம்பையடியிலே, ஆபிரிக்காவிலிருந்து இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அம்மக்களை அடிமைகளாகவும் போர்வீரராகவும் பயன்படுத்தினர். அவர்தம் பாட்டனார் எந்த ஊரிற் பிறந்தார் என்று கூறும் பத்திரம் அவர்களிடம் இல்லை. ஆயின், போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்த ‘மஞ்சா’ப் பாடல்களை அவர்கள் இன்றும் பாடுகின்றனர். உடப்பூரிலோ, இராமேசுவரக் கரையிலிருந்து முன்னோர் தோணியேறி வந்தனர் என்னும் செவிவழிச் செய்தி, திரௌபதையம்மன் கோயிலைச் சூழ வழங்கிவருகின்றது. இவை நீதிமன்றத்திற் காட்டும் சான்றுகள் அல்ல. எனினும், எத்திசையில் தேட வேண்டும் என்பதைக் காட்டும் கைகாட்டிகள் ஆகும்.

இத்தேடல் பொழுதுபோக்கு அன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசை ஆவதற்கு, அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. பிறப்பு, இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்திய சட்டம் வந்ததோ 1867இலே. அதன் பின்னரும் எத்தனையோ பிறப்புகள் பதியப்படாமலே போயின. பூட்டனாரின் பிறப்புக்குப் பத்திரம் காட்டுவது எத்துணை அரிது என்பதை மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராகி அறிந்தனர்.

அச்சட்டம் தந்தைவழியையே கேட்டது. ஆனால், முக்குவரிடையே தாய்வழி உரிமையே பண்டைய வழக்கு. அவ்வழக்கிலே ஒருவன் இன்னான் என்பதை அவன் தாயின் குடியே உரைக்கும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே தாய்வழியும் தந்தைவழியும் பிரசாவுரிமையில் ஒப்ப மதிக்கப்பட்டன. குலவழி தேடுவோர் தந்தையின் கிளையை மட்டும் பற்றிச் சென்றால், மரத்தின் பாதியைக் காணாது விடுவர்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் மக்கள் வீட்டையும் காணியையும் விட்டு நீங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் இப்புத்தளமே. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பலருக்கு வீட்டோடு போயின. முகாமிற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த தன் பாட்டனாரின் வளவு எங்கே என்று எவர் காட்டுவர்? முதியோர் வாய்திறந்து சொன்னாலன்றி அது தெரியவராது.

மொழியும் ஒரு தடையே. சிலாபத்தை அடுத்த கரையோர ஊர்கள் சிலவற்றிற் பாடசாலை மொழி சிங்களமாகியது; நாளடைவில் வீட்டுமொழியும் மாறிற்று. பாட்டனார் தமிழிற் கையொப்பமிட்ட உறுதியைப் பேரன் படிக்க இயலாதவனாய்ப் பெட்டியில் வைத்திருக்கின்றான். குருதி அறவில்லை, எழுத்து அறுந்தது.

இத்துறையில் நமக்கு வழிகாட்டி ஒருவர் உளர். கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகரவரிசையில் விளக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தம் பிறந்தகத்து மக்களின் வழக்கங்களையும் எழுதிவைத்தார். 1859இல் வந்த அவருடைய ‘தமிழ் புளூட்டாக்’ ஏறக்குறைய இருநூறு புலவர்களின் வரலாற்றைத் திரட்டித் தந்தது. அறிந்தோர் வாய்ச்செய்தி அழியுமுன் அதனைத் தாளில் ஏற்ற வேண்டும் என்பதே அவர் பணி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நேயர்களே, தொடங்கும் முறை எளிது. முதலில் வீட்டிலுள்ள முதியோரிடம், சிறப்பாகப் பாட்டிமாரிடம், கேளுங்கள். பெயரோடு ஊர், தொழில், கோயில் அல்லது பள்ளிவாசல், பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் ஆகியவற்றையும் எழுதுங்கள். பின்னர் காணி உறுதியையும், கோயிற்பற்று ஏட்டையும், பதிவாளர் அலுவலகத்தையும், சுவடிகள் காப்பகத்தையும் நாடுங்கள். வாய்ச்சொல்லை ஏட்டோடும், ஏட்டை வாய்ச்சொல்லோடும் ஒத்துப் பாருங்கள். இரண்டும் முரண்படுமிடத்தில் இரண்டையுமே குறித்துவையுங்கள். விருப்பமானதை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டாம்.

அவ்வாறு தேடுவோர் தம் குடியிலே சோனகரையும் பறங்கியரையும், சிங்களவரையும் தமிழரையும், எதிர்க்கரையினரையும் காண நேரலாம். தோணிகள் வந்துபோன கரையில் அது வியப்பன்று. காப்பகத்து ஏடுகள் நாளையும் அங்கே இருக்கும். பாட்டியின் நினைவு அவ்வாறு காத்திராது. ஆதலின், அவரிடமே முதலிற் செல்லுங்கள்.