பூச்சி மருந்தும் மொன்றியல் மட்டியும்



1987 நவம்பரில் இதே மொன்றியலில ஆட்கள் வாந்தியோட ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினவை. சிலருக்கு முதல்நாள் நடந்ததே நினைவில்லை. எல்லாரும் பிறின்ஸ் எட்வேட் தீவு மட்டி சாப்பிட்டவை. கனடாவில 100க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்; குறைந்தது 3 பேர் இறந்தார்கள். மட்டிக்குள்ள இருந்தது டொமோயிக் அமிலம். கடலில மிதக்கிற ஒரு நுண்பாசி அதை உண்டாக்கும்.

விசேஷம் என்னெண்டா, அந்த அமிலத்தை 1958இலேயே யப்பானில ஒரு சிவப்புக் கடற்பாசியில இருந்து பிரித்தெடுத்திட்டினம். அந்தப் பாசி அங்க தீவுச் சனத்தின்ர பூச்சி மருந்து. எங்கட அம்மம்மாமார் வேப்பங்கொழுந்து அரைச்சுத் தந்த மாதிரித்தான்.

மருந்து எப்பிடி நஞ்சாச்சு? அளவு ஒரு காரணம். மற்றது, அது குளுட்டமேட் எண்ட நரம்புச் சைகையைப் போல நடிக்கும். அந்தச் சைகையை வாங்கிற வாசல் புழுவிலயும் இருக்கு, எங்கட மூளையிலயும் இருக்கு. ஐவர்மெக்டின் தாக்குகிற வாசல் வேற. அது புழு பூச்சிகளில உண்டு, எங்களிட்ட இல்லை. கடற்பாசியில தேடவேண்டியது அப்பிடியொரு பொருளைத்தான்.

ஐவர்மெக்டின் யப்பானிய மண்ணில இருந்த ஒரு பாக்டீரியாவால வந்தது. 1981இல் மேர்க் கொம்பனி அதைக் கால்நடைகளுக்கு விற்கத் தொடங்கியது. மனிசருக்கு வந்தது 1987இல், அதே மட்டி வருசம். ஆற்றங்கரைக் குருட்டுநோய் வந்த ஆபிரிக்கக் கிராமத்தாரிட்ட வாங்கக் காசில்லை, அதால இலவசமாக் குடுத்தினம். நல்ல காரியம், மறுக்கேல்ல. ஆனா மாட்டுக்குச் சந்தை இல்லாமலிருந்தா அந்த மருந்தே வந்திருக்குமோ?

இப்ப எங்கட கடலுக்கு வாறன். மன்னார் வளைகுடாவில, ராமேஸ்வரம் பக்கம், பெண்கள் மூச்சைப் பிடிச்சு மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி எண்டு எடுக்கினம். அங்க 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவான பிறகு வனத்துறை அவையைத் தடுக்குது. அதே கரைப் பாசிகளின்ர சாறு ஆய்வுகூடத்தில மலேரியாக் கிருமிக்கு எதிராச் சோதிக்கப்பட்டிருக்கு. மருந்து வந்தா அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு? உயிர்வளம் எடுக்கிற இடத்துக்குப் பங்கு குடுக்கச் சொல்லுது 2010 நாகோயா உடன்படிக்கை. இந்தியா சேர்ந்திருக்கு. கனடா சேரேல்ல.

நான் படிக்கிற துறையில மாதிரிப் போத்தல்களில லத்தீன் பெயரும் திகதியும் இருக்கும். ஆர் எடுத்தது, எந்தக் கரையில எண்டதுக்கு இடமில்லை. படிவத்தில அந்த இரண்டு வரியையும் சேர்க்கச் சொல்லித் துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறம். கையெழுத்து வைக்கிறவை கூட்டம் முடிய என்னட்ட வாங்கோ.