இடுப்பில் ஓர் உலோகத் தொப்பி
(மூத்தோர் நல்வாழ்வு நாளன்று ஆற்றிய உரை)



நான் பிரகாரம் சுற்றுவதைப் பார்த்து, "வாத்தியாரே, உங்களுக்கா இடுப்பில் ஆப்பரேஷன்?" என்று கேட்டவர்கள் இங்கே உண்டு. 2008இல் செய்துகொண்டேன். சில மாதங்களில் என் தங்கையும் செய்துகொண்டாள். என் மூட்டு இன்றும் உழைக்கிறது. அவளுடையதை 2014இல் கழற்றி, முழு மூட்டு மாற்ற நேர்ந்தது.

முழு மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் பந்து போன்ற தலையை வெட்டியெடுத்துவிடுவார்கள். எங்களுக்குச் செய்தது வேறு. அந்தத் தலையைச் செதுக்கி, பல்லுக்கு உறை போடுவதுபோல் உலோகத் தொப்பி மாட்டினார்கள். எதிரேயுள்ள குழியில் உலோகக் கிண்ணம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருத்துவர் டெரெக் மக்மின் உருவாக்கிய இவ்வகை மூட்டு 1997இல் வந்தது. எலும்பு மிச்சமாகும், ஓடியாடலாம் என்று நடுவயதினர் விரும்பினர். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2019 ஜனவரியில் இச்சிகிச்சை பெற்று, அக்டோபரிலேயே ஆண்ட்வெர்ப்பில் பட்டம் வென்றார்.

ஆனால் உலோகம் உலோகத்தோடு உரசினால் பொடி உதிரும். கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கும். சுற்றியுள்ள தசையும் கெடலாம். தொப்பி சிறியதானாலும், கிண்ணம் செங்குத்தாகப் பதிந்தாலும் தேய்மானம் கூடும். பெண்களின் எலும்புத்தலை பெரும்பாலும் சிறியது. என் தொப்பி 52 மில்லிமீட்டர், அவளுடையது 44. பர்மிங்ஹாம் மூட்டைத் தயாரித்தவர்களே 2015இல் 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்த அளவுகளும் விற்பதை நிறுத்தி, பெண்களுக்கு இது வேண்டாம் என்றார்கள். வேறொரு நிறுவனத்தின் மூட்டு 2010இலேயே உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளைச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். தொடையிடுக்கில் வீக்கம் என்று அவள் சொன்னபோதும், "வயசாகிறதம்மா" என்றேன். இரத்தப் பரிசோதனைக்கு அவளாகவே போனாள். இரண்டாவது அறுவைக்கு முன், "அண்ணே, உங்களுக்குச் சரியானால் எனக்கும் சரியாகும்னு நினைச்சோமே" என்றாள். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இம்மூட்டு உள்ளவர்கள், வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த நாளில் இரத்தமும் எக்ஸ்ரேயும் பாருங்கள். வீக்கமோ வலியோ வந்தால் குறித்த நாள்வரை காத்திராதீர்கள். மூட்டின் பெயர், அளவு, போட்ட தேதி எழுதிய அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. உங்களுடையது அலமாரியில் எங்கே என்று இன்றிரவே தேடுங்கள்.