விலக்கு நிற்கும் பருவம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், பிற்பகல் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் பேசுதல் மரபு. எங்களையும் அத்தகைய பொருள் ஒன்றைப் பேசுமாறுதான் செயலாளர் பணித்தார். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் அவர் திகைத்து, "பெண்கள் சமாச்சாரம் ஆயிற்றே, சார்! ஆண்பிள்ளை மேடையில் பேசலாமா?" என்றார். நியாயமான வினாவே. ஆனால், பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கி நின்றதனால் எங்கள் வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்தது. அதைக் கேட்ட பின்னர், பேசலாமா கூடாதா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இரவு ட்யூட்டியிலும் கணக்குப் புத்தகங்களிலும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். இங்கே சொல்லும் மருத்துவச் செய்திகள் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவை.

பாறசாலை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களின் பெயரைக் கேட்டாலே இங்கே அமர்ந்திருப்போரில் பலருக்கு உறவுமுறை நினைவுக்கு வரும். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட ஒன்பது தாலுக்காக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும். சந்தையிலும் பேருந்திலும் இம்மாற்றம் யாருக்கும் இடைஞ்சலாக இருப்பதில்லை. இரு மொழியும் கலந்து பேசி வாழ்கிறோம். ஆனால் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்க வேண்டிய இடத்தில் மொழி சங்கடம் தருகிறது.

எங்கள் அன்னையாருக்கு ஐம்பதாம் வயதில் விலக்கு நின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அறுபத்திரண்டாம் வயதில், மீண்டும் சிறிது உதிரம் கண்டது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "போன வயசு திரும்பி வருதாக்கும்" என்று எங்கள் தங்கையிடம் ஒருமுறை சிரித்ததோடு சரி. நான்கைந்து மாதங்கள் சென்றன. பிறகு தனியாக ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி, எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்பதைச் சொல்லப் போவதில்லை. குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அங்கிருந்த நர்ஸ் மலையாளி. அன்னையார் தமக்குத் தெரிந்த ஒரே கௌரவமான சொல்லால், "தூரம் வந்திருக்கு" என்றார். மலையாளத்தில் தூரம் என்றால் தொலைவு. பாவம், கிழவி வெகுதொலைவிலிருந்து வந்திருக்கிறாள் என்று எண்ணி, அப்பெண் அவரை வரிசையில் முன்னே அமர்த்தினாள். டாக்டரிடம் அன்னையார் களைப்பு என்று மட்டும் கூறினார், டானிக்கோடு திரும்பினார்.

உண்மை தெரிய மேலும் ஆறு மாதங்கள் ஆயின. கருப்பையின் உட்சவ்வில் புற்று. அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் செய்தோம். நோய் அதற்குள் பரவிவிட்டது. அடுத்த ஆண்டு அவரை இழந்தோம். கருப்பைப் புற்று தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாகக்கூடியது என்று டாக்டர் பின்னர் சொன்னபோது, நாங்கள் அண்ணன் தம்பி மூவரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டாமல் நின்றோம்.

ஆகவே முதற்செய்தியாக இதை வைக்கிறோம். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வாறு காண்போர் எல்லாருக்கும் புற்று இருப்பதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இருக்கும். மற்றவர்க்குச் சவ்வு மெலிதல் போன்ற சிறு காரணங்களே. அந்த ஒருவர் யார் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். சிரிப்பும் வெட்கமும் சொல்லா.

இனி, இயல்பாக நிகழ்வதைச் சொல்லுவோம். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் விலக்கு வராதிருப்பின் அது நின்றுவிட்டது என்று மருத்துவர் கொள்வர். மேலைநாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக ஐம்பத்தொன்றில் நேர்கிறது. நம் நாட்டில் நாற்பத்தாறு, நாற்பத்தேழிலேயே நேர்கிறது. நாற்பதுக்கு முன் நின்றால் அது இயல்பன்று. காரணம் தேட வேண்டும். மலையாளத்தில் இதனை ஆர்த்தவ விராமம் என்பர். நம் தமிழில் மாதவிடாய் நிறுத்தம் என்று எழுதுகிறார்கள். எழுத்தில் இருக்கும் இச்சொல் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் தொல்லை நின்றபின் தொடங்குவதில்லை. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். இதை நாங்கள் அறிந்தது எங்கள் இல்லத்தரசியாரால். அவர்களுடைய அனுமதி பெற்றே சொல்லுகிறோம். அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்து, அளவு மீறுகிறோமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வயது நாற்பத்து நான்கு. சென்ற கார்த்திகையிலிருந்து எங்கள் வீட்டில் ஜன்னல் யுத்தம் நடந்தது. இரவு ட்யூட்டி முடிந்து வந்து, பனிக்காற்று ஆகாது என்று நாங்கள் ஜன்னலை மூடுவோம். அரைமணி சென்றதும் அவர்கள் எழுந்து திறப்பார்கள். மீண்டும் மூடுவோம். ஒருநாள், "உங்களுக்கு நான் செத்தால்தான் திருப்தி" என்று ஒரு சொல் வந்தது. இருபது ஆண்டுத் தாம்பத்தியத்தில் கேளாத சொல் அது. என்ன பிழை செய்தோம் என்று விளங்கவில்லை. மாமியாரை இழந்த துக்கமோ, பேய்க்கோளாறோ என்றுகூட உறவினர் பேசினர். ஒரு பெரியவர் மந்திரிக்கவும் ஆள் சொன்னார்.

அது பேயன்று. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு இப்பருவத்தில் ஏறியும் இறங்கியும் தடுமாறிப் பின் குறைந்துவிடுகிறது. மூளையில் உடற்சூட்டைச் சமன்செய்யும் இடம் ஒன்றுண்டு. அது சாதாரணமாகச் சிறு ஏற்ற இறக்கங்களைப் பொருட்படுத்தாது. சுரப்பு குறைந்ததும் அதன் பொறுமை குறுகிவிடுகிறது. சூடு சற்றே ஏறினும், தீப்பற்றிவிட்டது என்று மணியடித்துவிடுகிறது. உடனே தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறுகிறது, வேர்வை கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிக் குளிர் எடுக்கிறது. இரவில் இவ்வாறு மூன்று நான்கு முறை எழுந்தால் எவருக்குத்தான் மறுநாள் சினம் வராது? மூட்டு வலி, மறதி, காரணமின்றிக் கண்ணீர், பிறப்புறுப்பில் வறட்சி, சிறுநீர் எரிச்சல் ஆகியனவும் இதன் கூட்டத்தைச் சேர்ந்தவையே. சிலருக்கு ஒன்றுமே இராது. அனல் தொல்லை பலருக்கு ஏழாண்டுகளுக்கு மேலும் நீடிப்பதாக 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஆதலின் "நாலு நாளில் போய்விடும்" என்று ஆறுதல் சொல்லுவது பொய்.

ஆயினும் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுவதும் தவறு. இராத்திரி வேர்வை காசநோயிலும் வரும். படபடப்பு தைராய்டு மிகுதியிலும் வரும். நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் உதிரம் அளவுக்கு மீறிப் போனால், "நிற்கப் போகிறது, அப்படித்தான்" என்று இருந்துவிடுகிறார்கள். கருப்பையில் கட்டி இருக்கலாம், இரத்தசோகை வந்துவிடலாம். இன்னொன்று: விலக்கு ஒழுங்கு தவறினாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றும் ஒழிவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர் கடைசி விலக்கிலிருந்து ஓராண்டும், தாண்டாதவர் ஈராண்டும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். மருமகளும் மாமியாரும் ஒருங்கே பிரசவத்துக்குச் செல்வது கதைக்கு நன்று, குடும்பத்துக்கு அன்று.

கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். 2015-16இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இளம்வயதிலேயே இவ்வறுவை மிகுதியாக நடப்பதைக் காட்டிற்று. தேவைப்படும் இடங்கள் உண்டு. எங்கள் அன்னையாருக்குத் தேவைப்பட்டது. ஆனால் சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டால், இயற்கை பல ஆண்டுகளில் மெல்லச் செய்வது ஒரே நாளில் வந்து விழும். இளவயதினர்க்கு எலும்பும் இதயமும் அதனால் கேடுறும். கத்தி வைக்குமுன், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்டல் நலம்.

செய்யக்கூடியவை யாவை? எங்கள் வீட்டில் ஜன்னல் திறந்தே இருக்கிறது. நாங்கள் போர்வையைப் போர்த்திக்கொள்கிறோம். நைலக்ஸ் புடைவை பெட்டிக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரைத் தாலுக்காவிலேயே பலராமபுரம் இருக்க, வெப்பத்துக்குப் பருத்தி தேடி அலைய வேண்டுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறிய சாலியர்களின் தறிகளில் நெய்த துணி வேர்வையை வாங்கும். படுக்கையருகே ஒரு செம்புத் தண்ணீர். மாலைக்குமேல் காப்பி இல்லை. இரவுக் குழம்பில் காரம் பாதி. இவற்றால் பாதித் தொல்லை குறைந்தது. பாதி இருக்கத்தான் செய்கிறது.

உணவைப் பற்றி ஒரு சொல். நம் பக்கத்தில் மரச்சீனியும் மீனும் உயிர். மரச்சீனி வயிற்றை நிரப்பும். எலும்புக்கு வேண்டிய சுண்ணச்சத்து அதில் சொற்பம். விலக்கு நின்ற முதற்சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேயும். பின்னொரு நாள் ஈரத்திண்ணையில் வழுக்கினால் இடுப்பெலும்பு ஒடியும். முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, கேழ்வரகு, மோர் ஆகியன இவ்வூரில் எவர்க்கும் கிட்டும். சற்று வெயிலும் நாள்தோறும் நடையும் வேண்டும். அடுப்படியில் நாள் முழுதும் நிற்கிறோமே என்பர் தாய்மார். நிற்பது வேறு, நடப்பது வேறு.

மருந்தைப் பற்றிப் பெரும் அச்சம் உண்டு. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை இளமை மருந்தாகவே மேலைநாட்டில் ஒரு காலத்தில் கொண்டாடினர். 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. இருவகைச் சுரப்பும் சேர்ந்த மாத்திரையை உண்டோரிடம் மார்பகப் புற்று, இதயநோய், பக்கவாதம் ஆகியன சற்றே மிகுந்து காணப்பட்டன. உலகமே அஞ்சி மருந்தைக் கைவிட்டது. அவ்வாய்விற் சேர்ந்த பெண்களின் சராசரி வயது அறுபத்து மூன்று என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அறுபதுக்குள், விலக்கு நின்று பத்தாண்டுக்குள், அனல் தொல்லை கடுமையாக உள்ளவர்க்கு இம்மருந்து பெரும்பாலும் தீமையினும் நன்மையே மிகுதியாகத் தரும் என்பதே இன்றைய கருத்து. மார்பகப் புற்று வந்தவர், இரத்தக்கட்டு கண்டவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் இதை உண்ணலாகாது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்ணலாகாது. இவ்வளவு நிபந்தனைகள் உள்ளதை மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கலாமா? இதற்கு வேறு வகை மருந்துகளும் உண்டு. 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த புதிய மருந்தொன்று மூளையின் அந்தச் சூட்டு மையத்திலேயே வேலை செய்கிறது. வைத்தியசாலை லேகியமும் கஷாயமும் உண்போர் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆடவர்க்கு ஒன்று. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் தைக்காட்டு மகளிர் ஆஸ்பத்திரியும் எஸ்.ஏ.டி.யும் இருக்கின்றன, 1979 முதல் இவ்வழியே ரயிலும் ஓடுகிறது. இருந்தும் எங்கள் அன்னையார் தனியே சென்று தனியே திரும்பினார். நாங்கள் மூவரும் அன்று வீட்டில்தான் இருந்தோம்.

இப்போது நாங்கள் ஒரு சிறு காரியம் செய்திருக்கிறோம். எங்கள் இல்லத்தரசியாரும் குடும்பஸ்ரீயில் உள்ள அவர்களுடைய மலையாளித் தோழியர் இருவரும் அமர்ந்து, ஒரு தாளில் இரு வரிசையாகச் சொற்களை எழுதினர். தூரம், தீட்டு, விலக்கு என்று நாம் சொல்லுவதற்கு எதிரே ஆர்த்தவம், மாசமுறை. விலக்கு நின்றுவிட்டது என்பதற்கு எதிரே ஆர்த்தவ விராமம். நின்றபின் உதிரம் கண்டது, உடம்பில் அனல் ஏறுகிறது, உறக்கம் இல்லை, சிறுநீர் எரிகிறது ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே மலையாளத்தில், மலையாள எழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பேச நாணுவோர் விரலால் தொட்டுக் காட்டினால் போதும். நூறு படிகள் எடுத்து நம் வாசகசாலை மேசையில் வைத்திருக்கிறோம். விழா முடிந்ததும் தாய்மார்கள் எடுத்துச் செல்லலாம். ஆடவர்களும் எடுத்துச் செல்லலாம்.