தனியாளுக்கு ஓர் இடம்



ஸ்காட்லாந்து தேசத்தின் கீழைக் கடற்கரையில், கோல்ஃப் விளையாட்டின் தாயகமென்று உலகம் போற்றுகின்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்திற்குத் துணை எவருமின்றி யாத்திரை போகிற ஆட்டக்காரருக்கு, கூட்டமாய் வருகிறவர்களுக்கு வாய்க்காத ஒரு சௌகரியம் உண்டு.

1764ஆம் வருஷத்தில் 22 குழிகளை 18 ஆகக் குறைத்து, பிற்காலத்தில் உலகத்துக்கெல்லாம் அந்தக் கணக்கையே வழக்கமாக்கிய 'ஓல்ட் கோர்ஸ்' என்னும் புராதன மைதானத்தில், அதிகபட்சம் நால்வர் சேர்ந்து ஆடுவது சம்பிரதாயமாகையால், இருவரோ மூவரோ மட்டும் வந்திருக்கும் குழுவில் எஞ்சுகிற இடம் தனியாளுக்குப் போய்ச் சேருகிறது. முன்னெல்லாம் அதற்காக நடுநிசியிலிருந்தே குளிரில் நடுங்கியபடி வாசலில் வரிசை நின்றார்கள். 2024 முதல், முந்திய நாள் நேரில் சென்று பெயரைப் பதிந்துவிட்டால், குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு மறுநாள் ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. அன்று மைதானம் ஊர்ப் பூங்காவாகிவிடுவதால், நாயை நடத்திச் செல்லும் உள்ளூர்வாசிகளோடு நாமும் நிதானமாக உலாவி, கடைசிக் குழிக்குப் போகும் வழியில் ஓடைக்குக் குறுக்கே வளைந்திருக்கும் ஸ்வில்கன் என்ற சின்னஞ்சிறு கற்பாலத்தைக் காசு செலவின்றிக் கடந்து வரலாம்.

ஆகவே, "தன்னந்தனியாகப் போகிறீர்களே, துணை வேண்டாமா?" என்று வீட்டில் கேட்டால், "துணையை அந்த ஊர்க்காரர்களே குலுக்கிப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம்!