பிரசவத்தில் யார் சொல் செல்ல வேண்டும்?

(புதுக்கடையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



முன்கூட்டியே நாள் குறித்து ஆப்பரேஷன் செய்துகொள்ளுவது மேலா, வலி வரக் காத்திருந்து தானே பிரசவிக்கப் பார்ப்பது மேலா என்று இன்று கர்ப்பிணிப் பெண்கள் பலரும் கேட்கிறார்கள். நாம் வைத்தியரல்ல. எந்தப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அந்த முடிவைச் செய்யுமிடத்தில் ஜோசியருக்கும், மாமியாருக்கும், ஆஸ்பத்திரிக் கல்லாப்பெட்டிக்கும் என்ன வேலை என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 ஆப்பரேஷன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 36. தனியார் ஆஸ்பத்திரியில் 64. பணம் கட்டுகிற பெண்ணுக்கு மாத்திரம் இடுப்பெலும்பு குறுகிப் போய்விடுமா? ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஆப்பரேஷன் பெருகுவதால் தாய் சேய் சாவு மேலும் குறைவதாகக் காணவில்லை என்று 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிற்று. எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காமல், தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைக்கச் செய்யுங்கள் என்றும் அதே நிறுவனம் சொல்லிற்று.

ஆகவே நாம் கத்திக்கு விரோதிகளல்ல. நஞ்சு கருப்பை வாயை மூடிக் கிடந்தாலும், பிள்ளை குறுக்கே கிடந்தாலும் கத்திதான் உயிர் காக்கும். 1956-ல் சென்னை ராஜ்யத்தோடு சேருமுன் நம் பகுதிக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். அங்கே, பெண் என்கிற ஒரே காரணத்திற்காக மகாராஜா காலேஜில் சயன்சு படிக்க இடம் மறுக்கப்பட்ட மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார், சீமைக்குப் போய் டாக்டராகித் திரும்பி, தைக்காடு ஆஸ்பத்திரியில் பிரசவ வைத்தியம் பார்த்தார். கேரளத்தில் முதல் சிசேரியன் செய்தவர் அவரே என்பார்கள்.

ஆனால் வேண்டாத கத்தியால் கேடு உண்டு. 39 வாரம் நிரம்புமுன் எடுத்த பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு அதிகம். ஆப்பரேஷன் எண்ணிக்கை ஏற ஏற, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் வேரோடி இரத்தப்பெருக்கு உண்டாகும் அபாயமும் ஏறுகிறது. வலியெடுத்துப் பெறுவதிலும் அபாயம் இல்லாமலில்லை. தசை கிழியலாம், பாதியில் அவசர ஆப்பரேஷனிலும் முடியலாம். முன்பு ஒருமுறை ஆப்பரேஷன் ஆகி, அடுத்த முறை தக்கவரென்று டாக்டர் சொல்லித் தானே பெற முயலுகிறவர்களில் நாலில் மூன்று பேர் வரை ஜெயிக்கிறார்கள். ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குத் தழும்பு பிளக்கிறது. ஆகையால் ஆப்பரேஷன் அறையும் இரத்தமும் தயாராயுள்ள இடத்தில்தான் முயல வேண்டும்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள்! இன்ன நட்சத்திரத்தில், இன்ன நாழிகையில் பிள்ளையை எடுத்துத் தாருங்கள் என்கிறார்கள். பிறந்த நேரம்தான் தலைவிதி என்றால், அந்த நேரத்தை டாக்டர் கத்தியால் மாற்ற முடியுமானால், விதி கிரகத்தின் கையிலா, கத்தியின் கையிலா? நல்ல நட்சத்திரத்துக்காக வாரம் நிரம்பாத பிள்ளையை எடுத்து, மூச்சுக்குத் தவிக்க விடுவதுதான் ஜாதகப் பலனா?

மற்றொரு மூடத்தனமும் உண்டு. தானே பெற்றால் ‘சுகப்பிரசவம்’ என்கிறார்கள். சுகம் யாருக்கு? ஆப்பரேஷன் ஆனவளை வலி பொறுக்காதவள் என்று இழிவாய்ப் பேசுகிறார்கள். இந்த ‘இயற்கை’ பைத்தியம் முற்றி, 2018-ல் திருப்பூரில் ஒருவர் வீடியோ பார்த்து வீட்டிலேயே மனைவிக்குப் பிரசவம் பார்த்தார். இரத்தப்பெருக்கில் அப்பெண் மாண்டாள். இயற்கையை நம்பச் சொன்னவர்களா அவள் உயிரைத் திருப்பித் தரப் போகிறார்கள்?

சட்டம் என்ன சொல்லுகிறது? மயக்கத்தில் கிடந்த பெண்ணுக்காக அவள் தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தது செல்லாது என்று 2008-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நோயாளிக்கு விஷயத்தை விளக்கி அவரிடமே சம்மதம் பெற வேண்டும் என்றது. ஸ்காட்லாந்தில் 1999-ல் நீரிழிவுள்ள ஒரு பெண்ணுக்குப் பிள்ளையின் தோள் சிக்கும் அபாயம் நூற்றுக்கு ஒன்பது, பத்து இருந்தது. சொன்னால் ஆப்பரேஷன் கேட்பாள் என்று டாக்டர் அதைச் சொல்லவில்லை. தோள் சிக்கிப் பிள்ளை ஊனமாயிற்று. சொல்லித்தான் இருக்க வேண்டும் என்று 2015-ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது.

ஆகவே தாய்மார்களே! ஆப்பரேஷன் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். காத்திருந்தால் எனக்கும் பிள்ளைக்கும் என்ன அபாயம், செய்தால் என்ன அபாயம், அடுத்த பிரசவம் என்னவாகும், அவசரம் வந்தால் இங்கே வசதி உண்டா என்று கேளுங்கள். தோழர்களே! பதிலை அவள் கேட்கட்டும். கையெழுத்துப் போடப் பேனாவோடு நீங்கள் முந்தாதீர்கள். வயிறு அவளுடையது, வலியும் தழும்பும் அவளுடையவை. அப்படியிருக்க முடிவு மாத்திரம் வேறொருவருடையதாய் இருப்பது எந்த நியாயம் என்று யோசிக்கும்படி கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.