நண்டுக்கும் பதற்றம் உண்டு

சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில், நீர் வடிந்த சேற்றைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அதை ஆட்டிக்கொண்டு நிற்கும். நிழல் விழுந்தால் வளைக்குள் ஓடிவிடும்.

இந்த வீரத்துக்கும் பயத்துக்கும் பின்னால் என்ன இருக்கிறது? 1980-ல் அமெரிக்காவில், நண்டுக்கு உறவான சிங்கி இறாலின் உடலில் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். இறால் உடலைத் தூக்கி, கொடுக்கை முன்னே நீட்டி, சண்டைக்காரன் போல நின்றது. ஆக்டோபமைன் என்ற வேறொன்றைச் செலுத்தியதும், தோற்றதுபோலப் பணிந்துவிட்டது.

2014-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். இறாலுக்கு உறவான ஒரு நன்னீர் உயிரி, கிரேஃபிஷ். அதற்கு லேசான மின் அதிர்ச்சி தந்து, கூட்டல் குறி வடிவத் தொட்டியில் விட்டார்கள். வெளிச்சமான பாதைகளை அது தவிர்த்தது. அதன் மூளையில் செரோட்டோனின் கூடியிருந்தது. அதிர்ச்சியே படாத கிரேஃபிஷுக்குச் செரோட்டோனின் செலுத்தினாலும் அதே தயக்கம்தான். ஒரே பொருள் ஒன்றை நிமிர்த்துகிறது, இன்னொன்றை ஒடுக்குகிறது; எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

பிறகு, மனிதர்களின் பதற்றத்துக்கு மருத்துவர்கள் தரும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பதற்றம் தணிந்து, கிரேஃபிஷ் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது!

கடலூர் முதுநகர் மீன் சந்தையில் கொடுக்கைக் கட்டிப் போட்ட நண்டை வாங்குகிறோம். அதற்கு ஒன்றும் தெரியாது என்று இனியும் சொல்ல முடியுமா? பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டம், நண்டையும் சிங்கி இறாலையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டுவிட்டது.