கடவுள் பெற்ற மூன்று பிள்ளைகள்



ஸ்காண்டிநேவியரின் பழம்பாட்டுகளில் ரீக் என்னும் கடவுளின் கதை ஒன்றுண்டு. அவர் மூன்று வீடுகளில் மும்மூன்று இரவு தங்கினாராம். குடிசையில் பிறந்தவன் அடிமை. அவன் வம்சத்துக்கு வயலுக்கு எருப்போடுவதும் பன்றி மேய்ப்பதுமே வேலை. அடுத்த வீட்டில் பிறந்தவன் குடியானவன். மாளிகையில் பிறந்தவன் பிரபு; அவனுக்கு மாத்திரம் கடவுளே வந்து எழுத்துக் கற்பித்தாராம்!

தகப்பன் ஒருவனே, பிள்ளைகளுக்கு ஏன் மூன்று கதி? இப்பாட்டால் லாபமடைந்தவன் யார்? எருச் சுமந்தவனா?

1335-இல் சுவீடன் அரசர் மாக்னஸ் பிறப்பித்த சட்டம், அது செல்லுபடியான பகுதிகளில், கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த எவரும் அடிமையாகாரென்றது. 1821-இல் நார்வே சட்டசபை பரம்பரைப் பிரபுத்துவத்தையே ஒழித்தது. ரீக் வந்து தடுக்கவில்லை! பாட்டு இன்றும் இலக்கியமாய்ப் புத்தகத்திலிருக்கிறது. கதை அங்கேயே இருக்கட்டும். மனிதன் தலையில் ஏறவேண்டாமென்பதே நாம் சொல்வது.